பின்விளக்கு

“கார் பின்விளக்கு எரியலன்னாதான் தங்கச்சி, இந்த ஊர்ல தெருவிளக்கு எரியும்.”

பக்கத்து நாற்காலியிலிருந்து வெர்லீன் சொன்னதைக் கேட்டு முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒடெசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஷ்பி ஹில்ஸ் ஊருக்கென்று தனியாக நீதிமன்றக் கட்டடம் கிடையாது. மாதத்தில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் நாற்காலிகளைப் போட்டால் அதுதான் நீதிமன்றம். டீசல் வாடை மட்டும் போகாது.

“விளையாட்டுக்குச் சொல்லல. இந்த ஊர்ல என்ன இருக்கு? ஒரு பெட்ரோல் பங்க், ரெண்டு சலூன். வரி எங்கேர்ந்து வரும்? அதோ கதவுகிட்ட நிக்கிறானே போலீஸ்காரன், அவன் சம்பளம், வரப்போற ஜட்ஜோட சம்பளம், எல்லாம் நாம கட்டற அபராதம்தான். என் வீட்டுப் புல்லு முழங்கால் உயரம் வளர்ந்துடுச்சாம், அதுக்கு எனக்கு நூறு டாலர். உனக்கு என்ன?”

“பின்விளக்குதான்க்கா. ஆஷ்பி போலீஸ் நிறுத்தி ஒரு சீட்டு குடுத்தாங்க. சரின்னு மெதுவா ஓட்டிட்டுப் போனேன். அடுத்த தெரு ஃபெர்ன்லியாம். அந்த ஊர்ப் போலீஸ் நிறுத்தி அதே விளக்குக்கு இன்னொரு சீட்டு.”

“இந்தப் பக்கம் நாலு தெருவுக்கு ஒரு ஊரு. ஊருக்கு ஒரு கோர்ட்டு. அப்புறம்?”

“ரெண்டு ஊர்லயும் போன மாசம் ஒரே புதன்கிழமைக்கு வரச் சொல்லிட்டாங்க. இங்க போன் போட்டுப் பார்த்தேன், யாரும் எடுக்கல. ஃபெர்ன்லிக்குப் போயிட்டேன். இப்ப இங்க ஆஜராகலன்னு என் மேல வாரண்ட்டு.”

“அங்க இருந்தேன்னு சொல்லிடு. சாட்சி இருக்கா?”

“அங்க எனக்கு யாரைக்கா தெரியும்? கொஞ்ச நேரத்துல கேஸைத் தள்ளிவச்சு அனுப்பிட்டாங்க. கையில ஒரு துண்டுச்சீட்டுகூடக் குடுக்கல.”

சிறுநீரக நோயாளிகளை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வேன் ஓட்டுகிறவள் ஒடெசா. லைசென்ஸ் போனால் வேலை போய்விடும். இன்று ராத்திரி உள்ளே தள்ளிவிட்டாலும் அதே கதிதான்.

“எல்லாரும் எழுந்திருங்க” என்றான் போலீஸ்காரன்.

கறுப்பு அங்கியில் நீதிபதி லாஸ்கர் வந்து உட்கார்ந்தார். ஒடெசா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“இவரா ஜட்ஜு?”

“பதினோரு வருஷமா இவர்தான். மாசத்துல ஒரு சாயங்காலம் இங்க ஜட்ஜு, மத்த நாள்ல வக்கீல். முகத்தைப் பார்த்து ஏமாந்துடாத. என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“ஒண்ணுமில்லக்கா.”

அவள் முறை வந்தபோது எழுந்து முன்னால் போய் நின்றாள். லாஸ்கர் காகிதத்தைப் பார்த்தபடியே பேசினார். முன்னால் நின்ற ஒருவர் முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஒடெசா பாரோ. பின்விளக்கு. ஆஜராகவும் இல்ல. ஏன்?”

“அதே நேரத்துக்கு ஃபெர்ன்லி கோர்ட்டுல இருந்தேன்யா.”

“எல்லாரும் இப்படி ஒண்ணு வச்சிருக்கீங்க. முன்னாடி ஒருத்தர் தன் பாட்டிய மூணாவது தடவை அடக்கம் பண்ணினார்.” போலீஸ்காரன் சிரித்தான். “அம்மா, பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு. பதினோரு வருஷத்துல நான் இந்த நாற்காலிக்கு வராதது ஒரே ஒரு நாள். அதுவும் அதே புதன்கிழமைதான். காய்ச்சல்ல படுத்த படுக்கையா கிடந்தேன். அப்பவும் முன்கூட்டியே சொல்லியனுப்பி, என் இடத்துல வேற ஜட்ஜை உட்காரவச்சேன். நீங்க என்ன செஞ்சீங்க?”

ஒடெசா வாயைத் திறப்பதற்குள் அவர் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார்.

“அபராதம் முந்நூறு. லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படுது. பணம் கட்டறவரைக்கும் உள்ள இருக்கலாம்.”

போலீஸ்காரன் வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். நாளைக்கு விடிந்தால் ஆறு நோயாளிகள் வாசலில் வேனுக்குக் காத்திருப்பார்கள்.

“நான் பொய் சொல்லலய்யா. அன்னைக்கு அங்கதான் இருந்தேன்.”

“சரி. நான் கல்நெஞ்சக்காரன் இல்ல.” லாஸ்கர் அடுத்த காகிதத்தை எடுத்தார். “உங்களை அங்க பார்த்ததா ஒரு மதிப்பான மனுஷன் பேரைச் சொல்லுங்க. இப்பவே எல்லாத்தையும் தள்ளுபடி பண்றேன்.”

“சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“நீதிமன்றம் யாரையும் கோவிச்சுக்காது. பேரைச் சொல்லுங்க.”

வெர்லீன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். ஒடெசா அவரை நேராகப் பார்த்தாள்.

“பேரு எனக்கு இன்னைக்குத்தான்யா தெரிஞ்சது. அன்னைக்கு ஃபெர்ன்லி கோர்ட்டுல என்னை விடக்கூடாதுன்னு எதிர்ப்பக்கம் நின்னு வாதாடின அரசு வக்கீல், நீங்கதான்.”