காக்கைக்கு வைத்த சோறு

அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த காக்கையின் கண்ணாடிப் பெட்டி முன்னால் தணிகாசலம் இலை விரித்துச் சோறு வைத்தார். "கா, கா" என்று கூப்பிட்டார். ஊரில் உயிருள்ள காக்கையைப் பார்த்துப் பதினெட்டு வருஷமாகிறது. இன்று அவர் மனைவி கோமளாவுக்கு முதல் வருஷத் திதி.

மூடும் நேரமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, பூட்டணும்," என்றாள் காவலாளி ஸ்டெல்லா.

"காக்கா எடுக்காம நான் எப்படிம்மா சாப்பிடுறது? படையல்னு ருசிகூடப் பாக்காம நானே ஆக்குனது. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல."

ஸ்டெல்லா காக்கையைப் பார்த்தாள். பிறகு சாவிக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, இலை முன் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். சாம்பாரில் உப்பே இல்லை.

தணிகாசலம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு சரியா இருக்கா, கோமளா?"

"சரியா இருக்குங்க," என்றாள் ஸ்டெல்லா. "நீங்க சாப்பிடுங்க."