வாய்பாடு சரிதான்

நாளை ஆய்வுக்குழு வருகிறது. வேதியியல் ஆய்வகத்து அலமாரியைத் திறந்த புதிய துறைத் தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டில் எதிலும் வாய்பாடு இல்லை. ஒன்றில் கொட்டை எழுத்தில், ‘இது ஆசிட். ப்ளீச்சிங்கோடு சேர்க்காதே!’

“யாருய்யா இந்தக் கூத்தை அடிச்சது?”

“நான்தான் சார்” என்றார் இளம் விரிவுரையாளர்.

“மளிகைக்கடையா நடத்துறோம்? ஹெச்.சி.எல்.னு போட்டா போதாதா? வாய்பாடு தெரியாதவன் எவன்யா இங்க வர்றான்?”

“கூட்டித் துடைக்கிறவங்க வர்றாங்க சார்.”

“வியாக்கியானம் வேண்டாம். இதையெல்லாம் கிழி. இல்லேன்னா ராஜினாமாவை எழுது.”

விரிவுரையாளர் வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். தலைவர் குனிந்து தாளைப் பார்த்தார்.

“யோவ், ஒரு லேபிளுக்காகவா? வீட்டுல சம்சாரத்தை ஒரு வார்த்தை கேட்டியா?”

பேனா நின்றது.

“அவதான் சார் கேட்டா, ‘குளியலறை பாட்டில் ரெண்டுலயும் என்ன இருக்குன்னு எழுதி ஒட்டுங்க’ன்னு. வாய்பாட்டை எழுதி ஒட்டினேன். கதவைச் சாத்திக்கிட்டுத் தரையைத் தேய்க்கிறப்ப ரெண்டையும் சேர்த்து ஊத்திட்டா. கிளம்பின வாயுவுல மூச்சடைச்சுப் போயிட்டா.”

கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

“ரெண்டு வாய்பாட்டையும் தப்பில்லாமத்தான் எழுதியிருந்தேன் சார்.”