நன்னடத்தைச் சான்றிதழ்

காதலியின் வீட்டில் பெண் கேட்டு உட்கார்ந்திருந்தான் அவன். அவளுடைய அப்பா தலைமையாசிரியர்; மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனை அளந்தார்.

"வீடியோ கேம், அது இதுன்னு பழக்கம் உண்டா தம்பி?"

"சேச்சே! அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் சார்."

சொல்லி வாய் மூடவில்லை. வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினான். கூடவே, ராசிக்கென்று பாக்கெட்டில் வைத்திருந்த கட்டைவிரல் உயர டிராகன் பொம்மையும் தரையில் உருண்டது.

"அக்கா பையனோடது சார்!"

அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். காதலி அவனை முறைத்தாள்.

பத்து நிமிடம் கழித்து வந்தார்.

"பொய் சொல்லிட்டீங்க. டி.வி.யோட இணைச்சிருக்கற என் கேம் மேடையில வச்சதும் இந்த டிராகன் திரையில உயிரோட எழுந்து வந்துடுச்சு. உங்க பேர்ல தொள்ளாயிரம் மணி நேர ஆட்டம்! உங்க வண்டவாளம் பூரா இதுக்குள்ள இருக்கற சிப்புலதான் பதிவாகியிருக்கு."

அவன் தலை கவிழ்ந்தது.

"ஆனா, ஒரு சண்டையிலகூடக் கூட்டாளியை விட்டுட்டு ஓடலை."

அவர் குரல் தணிந்தது.

"இந்த கேம்ல நாலாவது கோட்டைக் கதவு ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினாத்தான் திறக்கும். ரெண்டு வருஷமா வாசல்லயே ஒத்தையா நிக்கறேன். உள்ள வாங்க, மாப்பிள்ளை!"