ஹெல்த் இஷ்யூ ஏதாவது?

சிட்லபாக்கத்து டயாலிசிஸ் அறையில் மதிய வெயில் பச்சைத் திரையின்மேல் விழுகிறது. வாரம் மூன்று நாள் ஸ்ம்ருதிக்கு இங்கே நான்கு மணி நேரம். இடது கையிலிருந்து இரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்த் திரும்புகிறது. வலது கையில் போன். இந்த வருடம் வந்த முதல் வேலை நேர்காணல். அவளுக்காகப் பக்கத்துக் கட்டில் சாமுண்டீஸ்வரியக்கா டிவியை அணைத்திருக்கிறாள்; மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். “ஹெல்த் இஷ்யூ ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்கிறார் போனில் அதிகாரி. “எதுவும் இல்ல சார். ஆறு நாளும் வருவேன்.” அந்த அமைதியில் அது எல்லாக் கட்டில்களுக்கும் கேட்கிறது. போனை வைத்த பிறகும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “கரெக்டா சொன்ன பாப்பா,” என்கிறாள் அக்கா. “நான்கூட பொண்ணோட மாமியாராண்ட ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிக்கினு கீறேன்.” எல்லோரும் சிரிக்கிறார்கள். ஸ்ம்ருதி ஊசி குத்தாத கையால் முகத்தை மூடிக்கொள்கிறாள்.