தங்கையனுக்க பேரு

அருமனைக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற இந்தச் சிற்றூரின் பால் சங்கத்தில் காலை ஆறரைக்கே வரிசை நீண்டு கிடக்கிறது. சுவரில் நேற்றுப் பதித்த கருங்கல்லின் மேல் வெயில் சாய்வாக விழுகிறது. காட்டை வெட்டி இங்கே குடியேறி, மாடு வளர்க்கத் தொடங்கிய ஐந்து பேரின் பெயர்கள் அதில் பொன்னெழுத்தில் மின்னுகின்றன. வரிசையின் முன்னால் நிற்கும் ரோஸ்லெட் அதை இரண்டு முறை வாசித்துவிட்டாள். பால் கேனின் மூடியை அவள் திறக்கவில்லை. "எங்க அப்பனுக்க பேரு எங்க?" என்கிறாள். சங்கச் செயலாளர் வில்பிரட் பாலின் தரம் பார்க்கும் பால்மானியைக் கழுவிக்கொண்டே பேசுகிறார். கல்லில் முதல் பெயர் அவருடைய தாத்தாவுடையது. "தங்கையன் கூலிக்குப் புல்லறுக்க வந்த ஆளு. இது குடியேறுனவங்களுக்க கல்லு." "இந்த ஊருக்கு முதல் பசுவ வடசேரி சந்தையில இருந்து ரெண்டு நாளு நடத்திக் கொண்டு வந்தது அவருதான்" என்கிறாள் ரோஸ்லெட். "கயித்தப் பிடிச்சது யாரா இருந்தா என்ன? அது யாருக்க பசு?" வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். பால்மானியின் நுனியிலிருந்து நீர் சொட்டுகிறது. "பால ஊத்துதியா, வழிய விடுதியா?" என்கிறார் வில்பிரட்.

ரோஸ்லெட் திரும்பிப் பார்க்கிறாள். அடுத்து நிற்பவள் பூங்கனி. போன மாதம் பூங்கனியின் பசுவுக்குள் கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தபோது, கையை விட்டு இழுத்துக் காப்பாற்றியது ரோஸ்லெட்தான். பூங்கனி தன் செருப்பையே பார்க்கிறாள். கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரோஸ்லெட் வரிசையை விட்டு வெளியே வருகிறாள். கேன் இருந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு வட்டம். பூங்கனி தன் கேனைக் காலால் தள்ளி அதன் மேல் நிறுத்துகிறாள்.