மகன் எதிரில் இரண்டு விரல்

வலியை அளக்கக் கருவி கிடையாது. நோயாளியைத்தான் கேட்க வேண்டும். பூஜ்யம் என்றால் வலியில்லை, பத்து என்றால் தாங்க முடியாது. உறவினர் எதிரில் பலரும் குறைத்தே சொல்வார்கள். அதனால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்பது வழக்கம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் ஃபிளோரா ஒருநாள் மறுபடி கேட்கவில்லை. நடவு வேலையிலிருந்து வயிற்றுவலியோடு வந்த சகாயம்மாள், மகன் பக்கத்தில் நிற்க, இரண்டு விரல் காட்டினார். ஃபிளோரா மாத்திரை கொடுத்தாள். சகாயம்மாள் சத்தமே போடாமல் அன்று மாலை இறந்துபோனார்.

இன்று அதே கட்டிலில் கமருன்னிஸா.

"வலி எவ்வளவும்மா?"

"எனக்கு மூணுதான் சிஸ்டர். கால்மாட்டுல நிக்கிற அம்மாவைக் கவனிக்க மாட்டீங்களா? பத்து விரலையும் காட்டுறாங்க."

ஃபிளோரா திரும்பினாள். அங்கே யாருமில்லை.

"மகன் வெளியே போயிட்டானான்னு கேக்குறாங்க," என்றாள் கமருன்னிஸா.