எடுபிடி

"உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேங்க்கா" என்று டீம் லீட் தன் மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் தம்பியின் சாமான்களை வாங்கிப்போக வந்தவள். ஒரு ஹெட்போன், ஏசிக் குளிருக்குப் போர்த்திக்கொள்கிற சால்வை, பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து. மூன்று வருட உத்தியோகம் ஒரு காகிதப் பைக்குள் அடங்கிவிட்டது.

"இதுதான் எடிட்டர். நாங்க கோட் எழுதற இடம். ஒரு நோட்டுப் புத்தகம்னு வச்சுக்கங்க. மூலையில குட்டியா ஒண்ணு தெரியுதுல்ல, இது அதோட சேர்த்துக்கற எக்ஸ்டென்ஷன். உங்க தம்பி பண்ணது. எடுபிடின்னு அவனே பேரு வச்சான்."

அவள் தலையாட்டினாள்.

எடுபிடி பெயருக்கேற்றபடி எல்லாச் சில்லறை வேலையையும் பார்த்தது. கோப்பைச் சேமித்தால் வரிகளை ஒழுங்குபடுத்தும். சோதனைகளை ஓட்டும். மறந்த அடைப்புக்குறியை மூடும். காலை ஒன்பது அடித்ததும், நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப்போகிறோம், தடை ஏதும் உண்டா என்று மூன்று வரி அறிக்கையைத் தானே எழுதிக் குழுவுக்கு அனுப்பிவிடும்.

"மொதல்ல அறிக்கை லேட்டுன்னு தினம் என்கிட்ட திட்டு வாங்குவான். திடீர்னு ஒருநாள்லேர்ந்து டாண்ணு ஒன்பதுக்கு வருது. 'ஒன்பது மணி'ன்னே அவனைக் கூப்பிட ஆரம்பிச்சோம்." லீட் சிரிக்கப் பார்த்தார். "அப்புறம்தான் தெரிஞ்சுது, ஐயா போர்வைக்குள்ள இருக்காரு, எடுபிடி அனுப்புதுன்னு. மறுநாளே எட்டு பேரும் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டோம்."

சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

திங்கள்கிழமை விடியற்காலை தம்பி தன் வாடகை அறையின் குளியலறையில் வழுக்கி விழுந்தான். தனியாக இருப்பவன். சில மாதங்களாக வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மேசைமேல் மடிக்கணினி திறந்தபடியே இருந்தது.

திங்கள், ஒன்பது மணி. தடை ஏதும் இல்லை.

செவ்வாய், ஒன்பது மணி. தடை ஏதும் இல்லை.

புதன். வியாழன்.

அவளும் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கு ஞாயிறு பேசுவதுதான் அக்காவுக்கும் தம்பிக்கும் வழக்கம்.

வெள்ளிக்கிழமை, கீழ்த்தளத்துச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது என்று வீட்டுக்காரர் ஆளைக் கூட்டிவந்து கதவை உடைத்தார். அவர்கள் உடைத்துக்கொண்டிருந்தபோதே அன்றைய அறிக்கையும் போய்விட்டது.

செவ்வாய் சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"அஞ்சு நாளும் அந்த அறிக்கைக்குக் கீழ நான் கட்டைவிரல் படம் போட்டேங்க்கா." லீட் மானிட்டரைப் பார்த்தபடியே சொன்னார். "படிக்கக்கூட இல்ல. வந்துச்சா, போட்டேன். ஒரு போன்... ஒரே ஒரு போன் அடிச்சிருந்தா..."

இதைச் சொல்லத்தான் வரவழைத்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. இல்லாவிட்டால் அந்தப் பையைக் கூரியரில் அனுப்பியிருக்க மாட்டாரா?

லீட்டுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்துப்பட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போடப்பட்டிருந்தது.

உங்கமேல தப்பில்ல என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனிதர் இன்றைக்காவது தூங்குவார்.

அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். வந்ததை விழுங்கினாள்.

லீட் அந்த மௌனத்தைத் தனக்கான தண்டனையாக எடுத்துக்கொண்டார். இரண்டு முறை தலையை ஆட்டினார்.

"அறிக்கை அனுப்பறத மட்டும் எடுத்துடலாம்னு பத்து நாளா மல்லுக்கட்டிக்கிட்டிருக்கோம். அணைச்சா அணையுது. மறுநாள் ஒன்பதுக்கு அதுவா முழிச்சுக்குது. மொத்தமா கழட்டிப் போட மனசு வரல, அவன் கை பட்டதாச்சே. இன்னிக்குக் காலையில எங்க டீம் பொண்ணு ஒருத்தி, ஜுரத்துல கண்ணைத் திறக்க முடியாமக் கிடக்கறா. அவ பேர்ல வருதுக்கா, தடை ஏதும் இல்லைன்னு. அவளும் தனியாத்தான் இருக்கா."

அவர் எடுபிடியின் கோட் இருந்த கோப்பைத் திறந்தார்.

"அறிக்கை அனுப்பற இந்தப் பகுதி மட்டும் அவன் எழுதின மாதிரியே இல்ல. அவன் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். இது மடிப்புக் கலையாத துணி மாதிரி இருக்கு. யாரோ கைதேர்ந்த ஆளுகிட்ட கேட்டு எழுதி வாங்கியிருக்கான். அது யாருன்னு மட்டும் தெரிஞ்சா, நிக்க வச்சு நாலு கேள்வி கேட்பேன்."

அவள் முதல்முறையாகத் திரையை நேராகப் பார்த்தாள்.

லீட்டின் கர்சர் வரி வரியாக ஏறி இறங்கியது. மேலே ஓரிடத்தில் போய் நின்றது. அழிக்கலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது.

"அங்க இல்லைங்க" என்றாள்.

அவர் திரும்பினார்.

"கீழ வாங்க. நாற்பத்தொண்ணாவது வரி. அதை எடுத்துட்டீங்கன்னா மறுபடி முழிக்காது."

கீபோர்டின் மேல் அவர் கை அப்படியே நின்றது.

"அவன் சோம்பேறி. அணைச்சுட்டு மறுபடி போட மாட்டான்னுதான் அப்படி எழுதினேன்."